ஃபியூரர்: ஒரு பட்டம் வந்த வழி

ஜெர்மனியில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கினால் கைக்கு வருவது ‘ஃபியூரர்ஷைன்’. ரயில் எஞ்சின் ஓட்டுபவர் ‘லோக்ஃபியூரர்’. ஆல்ப்ஸில் மலையேறுவோருக்கு வழிகாட்டுபவர் ‘பெர்க்ஃபியூரர்’. ஓட்டுதல், நடத்திச் செல்லுதல் என்று பொருள்படும் ‘ஃபியூரன்’ என்ற வினையில் பிறந்த சாதுவான சொல்தான் ‘ஃபியூரர்’. இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால், ஒரு தலைவரைக் குறிக்கத் தனியாக அதைச் சொல்ல ஜெர்மானியர் இன்றும் கூசுகிறார்கள்.

அதைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட முதல் ஆள் ஹிட்லர் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியாவில் ஜெர்மானிய இனவாதம் பேசிய கியோர்க் ஃபான் ஷோனரரை அவருடைய ஆட்கள் ஃபியூரர் என்றுதான் அழைத்தார்கள். ‘ஹைல்’ என்று முழங்கி வரவேற்றார்கள். ஹிட்லருக்குப் பட்டம், முழக்கம் இரண்டுமே இரவல். 1901இல் பெர்லினை ஒட்டிய ஷ்டெக்லிட்ஸில் தொடங்கிய ‘வாண்டர்ஃபோகல்’ இயக்கத்துப் பிள்ளைகள் கிதாரும் முதுகுப்பையுமாகக் காடுமேடு சுற்றினார்கள். அங்கும் குழுவை நடத்திச் செல்பவர் ஃபியூரர்தான்.

1918இல் ஜெர்மனி முதல் உலகப் போரில் தோற்றது, மன்னர் கைசர் ஹாலந்துக்குப் போய்விட்டார். வந்த குடியரசின் தலையில் தோல்விப் பழியும் வெர்சாய் ஒப்பந்தமும் சேர்ந்தே விழுந்தன. தேர்தலில் வரும் அதிபரை வலதுசாரிகளுக்குப் பிடிக்கவில்லை. ஓடிப்போன மன்னரையும் திரும்ப அழைக்க முடியாது. கட்சிச் சண்டைகளுக்கு மேலே நிற்கும் ஒரு ஃபியூரர் வருவார் என்று பேராசிரியர்களும் பாதிரிமார்களும் பேசத் தொடங்கினார்கள். ஆளைக் காணும் முன்பே ஆசனம் போட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹிட்லரோ தொடக்கத்தில் தன்னை ‘ட்ரொம்லர்’ என்றார்: பின்னால் வரப்போகும் பெரியவருக்காக முரசறைபவர். 1922 அக்டோபரில் முசோலினி ரோமைப் பிடித்தார். அவருடைய ‘டூச்சே’ பட்டத்துக்கும் பொருள் தலைவர்தான். சில நாட்களிலேயே மியூனிக்கில் நாஜிக் கட்சியின் ஹெர்மன் எஸ்ஸர் மேடையேறி, ஜெர்மனியின் முசோலினி ஹிட்லர்தான் என்று அறிவித்தார். மறு ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்று, சிறை சென்று திரும்பியவர் முரசைக் கீழே வைத்துவிட்டார். தான் முரசறைந்தது தன் வருகைக்குத்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது.

பட்டத்தின் மந்திரத்தில்தான் நாடு மயங்கியது என்பவர்கள் 1928 தேர்தலைப் பார்க்க வேண்டும். அதே ஃபியூரர், அதே பேச்சு, கிடைத்ததோ 2.6 சதவீத வாக்கு. அதற்குப் பிறகுதான் 1929இன் பொருளாதாரச் சரிவு வந்தது. 1930இல் 18.3 சதவீதம். வேலையில்லாதோர் அறுபது லட்சத்தைத் தொட்ட 1932இன் ஜூலையில் 37 சதவீதம். ஆனால், அந்த உச்சத்திலும் பெரும்பான்மை இல்லை. நவம்பரில் அது 33ஆக இறங்கவும் செய்தது. இறங்குமுகத்தில் இருந்தவரைத் தூக்கிவிட்டது வாக்காளர் அல்ல. நாடாளுமன்றத்தை ஓரங்கட்டி, அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைக் கொண்டு அவசர ஆணைகளால் ஆண்டு பழகிய அதிபர் ஹிண்டன்பர்க்கும், ஹிட்லரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட முன்னாள் பிரதமர் ஃபான் பாப்பனும்தான். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார்.

1934 ஆகஸ்ட் 2 அன்று ஹிண்டன்பர்க் இறந்தார். ‘ரைக்ஸ் அதிபர்’ என்ற பட்டம் அந்த மாமனிதருக்கே உரியது, தன்னை ஃபியூரர் என்றும் பிரதமர் என்றும் அழைத்தால் போதும் என்றார் ஹிட்லர். கேட்க அடக்கமாகத்தான் இருந்தது. அதிபரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்திருந்தது; அரசியல் சட்டம் அறியாத பட்டம் என்பதால் எல்லை கட்டவும் வழியில்லை. அன்றே ராணுவத்தினர் எடுத்த உறுதிமொழியில் அரசியல் சட்டம் இல்லை. ஃபியூரர் அடால்ஃப் ஹிட்லர் என்ற பெயர் இருந்தது.

1945 ஏப்ரல் 29 அன்று பெர்லின் பதுங்கறையில் கையெழுத்திட்ட உயிலில் தளபதி டோனிட்சை வாரிசாக்கியபோது, ஹிட்லர் அவருக்கு ஃபியூரர் பட்டத்தைத் தரவில்லை. ஹிண்டன்பர்க்குக்கே உரியது என்று தானே சொல்லிவைத்த ரைக்ஸ் அதிபர் பட்டத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்.