கெர்பியும் சுங்கை சிப்புட்டும்: கடல்கடந்த ஆசிரியப் பயிற்சியும் பேராக் தோட்டப் பிள்ளைகளும்

பேராக் மாநிலத்துத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் தோட்டப்பள்ளிகளைப் பற்றி எழுதுகின்றனர். ஆங்கிலப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோரோ தைப்பிங், ஈப்போ நகரங்களின் பழம்பெரும் கட்டடங்களைப் பற்றி எழுதுகின்றனர். இவ்விரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆட்சியின்கீழ், பல இடங்களில் சில மைல் இடைவெளியில் நடந்தவை என்பது இரு சாரார் நினைவிலும் நிற்பதில்லை. இவ்வுரையில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயல்கிறோம். அதற்கு வாயிலாக, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரை அடுத்து இயங்கிய ஒரு மலாயாக் கல்லூரியை எடுத்துக்கொள்கிறோம்.

கதை தொடங்குவது பேராக்கிலேதான். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. போருக்குப் பின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகை பெருகியிருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரோ போதவில்லை. கலவரம் நிறைந்த நாட்டில் புதிய கல்லூரி கட்டி, இங்கிலாந்திலிருந்து விரிவுரையாளரை வரவழைப்பதைவிட, பயிற்சி பெறுவோரை அங்கே அனுப்புவதே எளிது எனக் காலனி அரசு கருதியது. இரண்டாம் உலகப்போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியாளருக்கெனக் கட்டிய விடுதிகள் லிவர்ப்பூல் அருகே ஆயத்தமாக இருந்தன. 1952இல் அங்கே மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி செயற்படத் தொடங்கியது. ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்போர் ‘கிர்க்பி’ என்பர். அவ்வூரார் நடு எழுத்தை விழுங்கிக் ‘கெர்பி’ என்றே சொல்வர். ஆங்கிலம் கற்பிக்கப் பயிலச் சென்றவர்களுக்கு அதுவே முதற்பாடமாக அமைந்திருக்கும்.

மலாய், சீன, இந்திய மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் பயின்ற ஈராண்டுப் படிப்பு அது. ஆண்டுக்குச் சுமார் 150 பேர் சேர்ந்தனர். 1962இல் மூடப்படும்வரை 1,500க்கும் மேற்பட்டோர் அங்கே பயின்று திரும்பினர். 1955இறுதியில் வுல்வர்ஹாம்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் என்னுமிடத்தில் இரண்டாவது கல்லூரியும் தோன்றி 1964 வரை இயங்கியது. முதல் அணியினர் சென்ற காலத்தில் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை; இறைச்சிப் பங்கீடு முடிந்ததே 1954 ஜூலையில்தான். சோற்றுக்கும் குழம்புக்கும் பழகியவர்களின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் கவனத்திற்குரியது அவர்களின் கற்பித்தல் பயிற்சி. அவர்கள் லிவர்ப்பூல் வட்டாரப் பள்ளிகளில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட சிறுவர்முன் நின்று பாடம் நடத்தினர். ஈப்போவில் இலக்கண நூலும் கேம்பிரிட்ஜ் தேர்வும் வழியாக ஆங்கிலம் கற்ற ஒருவர், துறைமுக நகரத்துச் சிறுவனின் வட்டார வழக்கைப் புரிந்துகொண்டு அவனுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. மலாயாவில் மூன்றாம் மொழியாக ஆங்கிலம் பயிலும் பிள்ளைக்கு இப்பயிற்சி எவ்வளவு உதவும் என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும், வகுப்பறையில் மொழி விளங்காமல் நிற்பது எத்தகையது என்பதைத் தம் மெய்யிலேயே உணர்ந்தவர் நல்லாசிரியராகும் வாய்ப்பு மிகுதி என்றும் நாம் கருதுகிறோம்.

அங்கே செல்லும் தகுதி யாருக்கு இருந்தது? ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்க்கு. பேராக்கில் அத்தகைய பள்ளிகளுக்குக் குறைவில்லை. தைப்பிங்கில் 1883இல் தொடங்கிப் பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் பெயர் பெற்ற பள்ளி, ஈப்போவில் 1895இல் மெதடிஸ்டு மறைப்பணியாளர் ஹோர்லி நிறுவிய ஆங்கிலோ-சீனப் பள்ளி, 1909இல் எழுந்த ஆண்டர்சன் பள்ளி, 1912இல் எழுந்த செயின்ட் மைக்கேல் பள்ளி ஆகியன அவற்றுட் சில. இவையெல்லாம் நகரப் பள்ளிகள். இரயில்வே, அரசு அலுவலகம், வணிகம் ஆகியவற்றைச் சார்ந்து நகரில் வாழ்ந்த தமிழர் பிள்ளைகளுக்கு இவற்றின் கதவு ஓரளவு திறந்திருந்தது.

பால்மரக் காட்டுக்குள் நிலைமை வேறு. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. லயத்தை அடுத்த கொட்டகையில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ கங்காணியோ கிராணியோ, தம் வேலை போக மீந்த நேரத்தில் பாடம் நடத்திய தோட்டங்கள் பல. மலாய் ஆசிரியர்களுக்கென இதே பேராக்கின் தஞ்சோங் மாலிமில் 1922இலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. தமிழாசிரியருக்கு அதற்கு நிகரான கல்லூரி எழவில்லை. தோட்டப்பள்ளியில் சில ஆண்டு தமிழில் படித்த பிள்ளை, ஆங்கிலப் பள்ளிக்கு மாறாதவரை, கெர்பிக்கு விண்ணப்பிக்கும் நிலையையே அடைய முடியாது. கடலைக் கடப்பதைவிடத் தோட்டத்து வாயிலைக் கடப்பதே அரிதாக இருந்தது.

அதே காலத்தில், 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தமிழ், சீனப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் பொதுப் பள்ளியைப் பரிந்துரைத்தது. கடுமையான எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பின் ஆக்கமான வெளிப்பாடுகளும் உண்டு. 1954இல் சுங்கை சிப்புட்டில் வீ. தி. சம்பந்தனாரின் முயற்சியால் மகாத்மா காந்தி கலாசாலை உருவானதை அவ்வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அவசரகாலத்தின் முதற்குண்டுகள் வெடித்த அதே வட்டாரம்!

1956 பிப்ரவரி 7ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் கெர்பி மாணவர் முன்னிலையில், 1957 ஆகஸ்டு 31ஐ விடுதலை நாளாகக் குறித்துரைத்தார். மலாக்காவில் மக்கள் கேட்டதற்கு ஏறத்தாழ இரு வாரம் முன்னரே அச்செய்தியைக் கேட்டவர்கள் அப்பயிற்சி ஆசிரியர்கள். அதே ஆண்டில் வெளியான ரசாக் அறிக்கை தொடக்கநிலையில் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழும் அவை தொடர்ந்தன. ஆனால் இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி ஆங்கிலம் அல்லது மலாய். ஆகவே ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளி செல்லுமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர நேர்ந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதாக இருக்கலாம். மலேசியாவில் ‘ரிமூவ்’ என்றால் பலருக்கும் அந்த ஓராண்டின் கூச்சமும் ஏக்கமும் நினைவுக்கு வரும். நேற்றுவரை வகுப்பில் முதலாவதாக நின்றவன், ஒரு சொற்றொடரைக்கூட முழுதாகச் சொல்ல இயலாதவனாக நகரத்துப் பள்ளியின் பின்வரிசையில் உட்கார்ந்தான்.

தோட்டப் பிள்ளையும், இங்கிலாந்து சென்று பயின்ற ஆசிரியரும் எதிரெதிரே நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் அந்த நகரத்துப் பள்ளியே. ஆறாண்டு முன்னதாகத் தோட்டத்திலேயே சந்தித்திருந்தால் புகுமுக வகுப்பின் சுமை பாதியாகியிருக்கும் என்பது எம் கருத்து. அரசு அவ்வழியில் சிந்திக்கவில்லை. மிகச்சிறந்த பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர், ஏற்கெனவே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடமே முதலில் சென்றார்.

பின்னாளில் ஆங்கில ஆசிரியப் பட்டப்படிப்பை உள்நாட்டுக் கல்லூரிகளும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களும் பகிர்ந்து நடத்தும் திட்டங்கள் வந்தன. ஈப்போவை அடுத்த உலு கிந்தாவிலும் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகம் ஒன்று உள்ளது. 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வகுப்பறை திரைக்குள் புகுந்தது. இருந்த இடத்திலிருந்தே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்ற பேச்சும் அப்போது பெருகியது. அன்று தோட்ட வாயில் செய்த வேலையை, கைப்பேசி அலை எட்டாத வீடுகள் செய்தன.

இன்று பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் ஆட்கள் வெளியேறிய பின்னரும், தோட்டத்தின் பெயரையே இன்னும் தாங்கி நிற்பன அவற்றுட் பல.

கெர்பியில் பயின்றோர் நிலையும் மாறியது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் முதலாம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1952இல் இருபது வயதில் கெர்பி சென்ற ஒருவர் அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். எந்த மொழியில் கற்பிக்கக் கடல்கடந்து பயின்றாரோ அம்மொழியை ஒரு பாடமாக மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கையும் அறிவியலையும் மலாயில் கற்பிக்க அவர் மாலை வகுப்புகளில் மீண்டும் மாணவராக அமர வேண்டியிருந்தது. வகுப்பறையில் மொழி தடுமாறி நிற்பது இவருக்கு இரண்டாம் முறை. அவர்முன் அமர்ந்திருந்த தோட்டப் பிள்ளைக்கு அது முதல்முறை.