ஏட்டுக்கு அப்பாற்பட்ட கல்வி

வேலப்பன்சாவடியை நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாக மேற்கே செல்லும் பெருவழியில், பண்டு வழிப்போக்கர் இளைப்பாறும் சாவடியின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், இன்று மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் வாயிலைக் கடந்து செல்லும் பெற்றோர்க்கெல்லாம் ஒரே நாட்டம்: பிள்ளை எத்தனை மதிப்பெண் பெறுவான் என்பது. ஆயினும், உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுள் கடன்பத்திரத்தைப் படித்துப் பொருள் கொள்ள மாட்டாதாரும், ஒரு தோல்வியில் மனமுடைந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்வாரும் உளர். இதைக் காணும் முதியோர், “அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிழைக்கும் வகையைக் கற்பித்தார்கள்” என்று பெருமூச்செறிகின்றனர். அக்கூற்றில் எவ்வளவு உண்மையுண்டு என்று ஆராய்வது நம் கடமையாகும்.

சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் ஜில்லாதோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி எனலாம். அங்கே பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் பிடித்தான். எண்சுவடியை நாள்தோறும் உரக்க ஓதினான். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி என்பது 80-இல் ஒரு பங்கு, மா என்பது 20-இல் ஒரு பங்கு; இவற்றைப் பெருக்கவும் கழிக்கவும் அவனுக்கு ஏடும் வேண்டுவதில்லை, எழுத்தாணியும் வேண்டுவதில்லை. நெல் அளக்கும் களத்தில் அவனை ஏய்ப்பது எளிதன்று. 1823-இல் பல்லாரி ஜில்லா கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கையில், பலருடைய கையெழுத்துக்களைப் படிப்பதும், கடிதமும் ஒப்பந்தமும் எழுதுவதும் அப்பள்ளிகளில் பயிற்றப்பட்டமை கூறப்படுகின்றது. பாட்டுக்களைப் பொருளறியாமல் ஒப்பிக்கச் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. தவறு செய்த பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையை, முதியோர் ஏனோ பெருமூச்சின்போது நினைப்பதில்லை!

அப்பள்ளியின் மற்றொரு சிறப்பு சட்டாம்பிள்ளை முறை. முன்னேறிய மாணாக்கன் இளையோர்க்குக் கற்பித்தான். அதனால் பொறுப்பேற்கவும், பிறர்க்கு விளங்கப் பேசவும், பொறுமை காக்கவும் பழகினான். எழும்பூர் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியில் 1789 முதல் 1796 வரை கண்காணிப்பாளராயிருந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் மாணாக்கரைக்கொண்டே கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்தி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

முதியோர் கூற்று மெய்தான். ஆனால் அத்திண்ணையில் ஏறியவர் யாவர்? மன்றோவின் கணக்கிற் கண்ட மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே. நாற்பதில் ஒருவர்கூட இல்லை. தீண்டாமையால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகள் மூடியே கிடந்தன. கடன்பத்திரம் படிக்கத் தெரிந்தவன் எழுதினான்; தெரியாதவன் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தான். கலை ஒருவனிடமும் அதன் கேடு மற்றொருவனிடமும் சென்று சேர்ந்தன.

பிற்காலத்தில் கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்கும் முயற்சிகள் இரண்டு எழுந்தன. 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி ஆராயப்பெற்றது. நூற்றல், நெய்தல், தச்சு, பயிர்த்தொழில் முதலியவற்றுள் ஒன்றைப் பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளும் பயில்வது அதன் கருத்து. தச்சன் மகன் நூற்கலாம். கணக்கர் மகன் உளி பிடிக்கலாம். 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளிற் கொணர்ந்த திருத்திய கல்வித் திட்டமோ வேறு. பள்ளி மூன்று மணி நேரம். எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையுங்கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அவர் கணக்கு. கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்பதும் அவர் நம்பிக்கை. ஆயின் பெரியாரும் பிறரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகக் காமராசர் முதலமைச்சரானார்; அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தோர் செய்தது சரியென்பதே நம் துணிபு. தொழிலைக் கற்பது இழிவன்று. பிறப்பைப் பார்த்து அதை விதிப்பதே இழிவு. சாதிச் சங்கத்தின் ஏட்டில் இதை எழுதுகிறோமே என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நெரிக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினைத் தொகுத்தது. தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், முடிவெடுத்தல், தெளிவுறப் பேசுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் முதலிய அப்பத்தில் எந்தக் குலத்தொழிலும் இடம்பெறவில்லை. தமிழக அரசும் 2022 மார்ச்சு முதல் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே மாணாக்கர்க்குத் திறன் பயிற்சி அளித்து வருகின்றது.

எனினும் நம் வீடுகளில் இன்றும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. மகனுக்கு வங்கிக் கணக்கும் வண்டியும், மகளுக்கு அடுப்பு. மகனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. மகளுக்குத் தன் பெயரிலுள்ள பத்திரம் எப்பெட்டியில் உள்ளதென்று தெரியாது. இவ்விருவரும் மதிப்பெண்ணில் குறைந்தவரல்லர்.

ஆதலின் நம் செயற்குழுவார்க்கு ஒரு விண்ணப்பம். மதிப்பெண்ணுக்குப் பரிசு வழங்கும் விழா வழக்கம்போல் நடக்கட்டும். பரிசு பெற்ற பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளாக்கி, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இளையோருடன் அமரச் செய்யலாம். பத்திரம் படித்தல், விண்ணப்பம் எழுதுதல், வரவு செலவு பார்த்தல், சோறு வடித்தல் ஆகியவற்றை ஆணும் பெண்ணும் ஒருங்கே பழகட்டும். அடுத்த தெருப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் பாய் விரிக்கப்பட வேண்டும்.