தொப்பை யாருடையது? குடல், கோழி, நாம்

1

நமது சுவரொட்டிகளில் முதலாளி எப்போதும் தொப்பையுடன்தான் வருவான். வாயில் சுருட்டு, தலையில் உயரத் தொப்பி, பொத்தான் தெறிக்கும் வயிறு. எதிரில் எலும்பும் தோலுமாய்த் தொழிலாளி. எண்பதுகளில் இந்தப் படங்களை ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சியவர்களில் நானும் ஒருவன். அப்போதே எனக்குத் தொப்பை உண்டு. 'தோழர், நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுப்பேன்.

சொந்தக் கதைக்காக இதைச் சொல்லவில்லை. பெருத்த உடல் என்றால் பேராசை, சோம்பல், கட்டுப்பாடின்மை என்கிற சொல்லாடல் உபதேசிகளிடமும் இருக்கிறது, மருத்துவரின் அறையிலும் இருக்கிறது. அதை எந்தக் கேள்விக்கும் உட்படுத்தாமல் நாமும் எடுத்துக்கொண்டோம். இந்தச் சொல்லாடலுக்கு உடல் ஒரு கணக்குப் புத்தகம். தின்றது வரவு, உழைத்தது செலவு, மிச்சம் தொப்பை. பொறுப்பாளி ஒரே ஆள்: 'நீ'. தீர்ப்பும் ஒரே வரி: 'வாயைக் கட்டு'. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இத்தனை பேரும் வாயைக் கட்டாதவர்களா? முதலாளிகளா? முதலாளி இப்போது காலையில் ஜிம்முக்குப் போகிறான்.

இந்தக் கணக்கில் சேர்க்கப்படாத ஒரு தரப்பு உண்டு. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கும் உடல் எடைக்கும் உள்ள உறவு எப்படித் தெரியவந்தது என்கிற வரலாறு ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடந்ததல்ல. பெரும்பகுதி கோழிப்பண்ணையில் நடந்தது.

2

முதலில் அவை எதிரிகளாகத்தான் பார்க்கப்பட்டன. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிக்கோஃப், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நஞ்சைக் கசியவிட்டு நம்மை முதுமையடையச் செய்கின்றன என்றார். மருந்தாகப் புளித்த பாலைச் சொன்னார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்கே பெருங்குடலை வெட்டியெடுத்தார். கிருமி என்றால் எதிரி, எதிரி என்றால் ஒழிப்பு. அந்தக் காலத்து ராணுவ மொழி குடலுக்குள்ளும் போயிருந்தது.

3

1948–50. நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே ஆய்வுக்கூடம். தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழித்தீவனத்துக்கு மலிவான பி12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருத்தன. வைட்டமின் மட்டும் காரணமல்ல, சக்கையில் ஒட்டியிருந்த மருந்தும் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

ஏன் பெருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதே தீவனத்துக்குக் கூடுதல் கறி. சந்தைக்கு அது போதும். 1951-இல் அமெரிக்க அரசு தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலக்க அனுமதித்தது. கோழி, பன்றி, மாடு என்று பரவியது. 1963-இல் இங்கிலாந்தில் மேரி கோட்ஸ் குழுவினர், கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். எடை கூடவில்லை. அதாவது மருந்து கோழிமீது நேரடியாக வேலை செய்வதில்லை, கோழிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் வழியாகத்தான் செய்கிறது.

மனிதர்கள்மீதும் சோதித்தார்கள். ஐம்பதுகளில் அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏழு வாரம் ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. கொடுக்கப்படாதவர்களைவிட அவர்கள் எடை கூடினார்கள். குவாதமாலாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஃபுளோரிடாவில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். யார் உடலில் சோதித்தார்கள் என்று கவனியுங்கள்: உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன், ஏழை நாட்டுப் பிள்ளை, மறுத்துப் பேச முடியாத குழந்தை.

உயிரியல் விளக்கம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மூலதனம் இந்த அறிவை வைத்துக் காசு பார்த்துவிட்டது. கோழி பெருத்தால் 'தீவன மேலாண்மை', மனுசன் பெருத்தால் 'மன உறுதி இல்லை'. ஒரே காலம், ஒரே சமூகம், இரண்டு நியாயம்.

4

விளக்கம் 2004-க்குப் பிறகு வரத் தொடங்கியது. செயின்ட் லூயியில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், கிருமியின்றி வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதம் கூடியது. அவை தின்றதோ முன்பைவிடக் குறைவு. நாம் செரிக்க முடியாத நாரை பாக்டீரியா உடைத்து ஆற்றலாக்குகிறது; கொழுப்பைச் சேமிக்கச் சொல்லும் சமிக்ஞைகளையும் மாற்றுகிறது. வரவு–செலவுக் கணக்கு அங்கேயே பிசகிவிட்டது.

2013-இல் இன்னொரு சோதனை. ஒருத்தி பருத்தவள், ஒருத்தி மெலிந்தவள் என்றிருந்த நான்கு ஜோடி இரட்டைச் சகோதரிகளின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களை எலிகளுக்கு மாற்றினார்கள். பருத்தவளுடையதைப் பெற்ற எலிக்குக் கொழுப்பு கூடியது. இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது (எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றது தின்னும்) மெலிந்த எலியின் பாக்டீரியா மற்றதற்குப் போய் அது பெருக்காமல் காத்தது. ஆனால் நார் மிகுந்த, கொழுப்பு குறைந்த தீவனம் போட்டபோது மட்டும். நாரைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான். பாக்டீரியாவும் தனியாக எதையும் தீர்மானிக்கவில்லை. கூண்டுக்குள் எந்தத் தீவனம் வருகிறது என்பதுதான் கேள்வி.

5

சரி, அப்போ குற்றவாளி பாக்டீரியாதான் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2016-இல் முந்தைய பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனிதர்களில் குடல் பாக்டீரியாவுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவே தெரிந்தது. எலி வேறு, நாம் வேறு. ஆனாலும் 'நல்ல பாக்டீரியா' மாத்திரையாகவும் பானமாகவும் கடைக்கு வந்துவிட்டது. பழைய 'வாயைக் கட்டு'வுக்குப் பதில் 'இதை வாங்கிக் குடி'. பொறுப்பாளி மறுபடியும் 'நீ'தான்.

ஃபூக்கோவைப் படித்தபோது உடல் என்றால் ஓர் ஆளின் உடல் என்றே எடுத்துக்கொண்டோம். 2016-இன் ஒரு மதிப்பீட்டின்படி நம் ஒவ்வொருவரிடமும் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள், 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். இந்தக் கூட்டத்தில் 'மன உறுதி' யாருடையது? எடை என்பது தனிமனித ஒழுக்கமல்ல. எந்த அரிசி மலிவாகக் கிடைக்கிறது, எந்த எண்ணெய் எந்த விலைக்கு வருகிறது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தபடி வேலை என்பதெல்லாம் சேர்ந்த வரலாறு. அதில் சட்டமும் உண்டு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல்தான் முழுதாக நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமானவற்றை அப்படிப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2017-இல் தடுத்தது. கடைசி மருந்தாகக் கைவசம் வைத்திருக்க வேண்டிய கோலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்துக்குத் தரக்கூடாது என்று இந்தியா 2019-இல் சொன்னது. இவை நிறைவேறுகின்றனவா என்று கேட்பது அரசியல் வேலை. நமது வேலை.

அந்தச் சுவரொட்டிப் படத்தை இனி கைவிட்டுவிடலாம் தோழர்களே. பசை காய்ச்ச நான் இப்பவும் வருவேன்.