தூரிகை சொல்லும் சாட்சியம்

ஏட்டில் ஏறாதது வரலாறு ஆகாது என்று எண்ணுவோர் உண்டு. அப்படியானால் பட்டாவும் பத்திரமும் இல்லாத மக்கள் தங்கள் மண்ணை எதைக் காட்டி நிரூபிப்பது? ஜொகூரில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

லிங்கியு பகுதிக் காடு, ஜாகூன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வு தேடிய இடம். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நீர் தரும் அணைத் திட்டத்திற்காக அங்கே 53,273 ஏக்கர் எடுக்கப்பட்டது. அந்த நிலத்திற்கு ஈடாகச் சிங்கப்பூர் ஜொகூர் அரசுக்குத் தந்த தொகை 32 கோடி வெள்ளி. ஜாகூன் மக்கள் 52 பேர் வழக்குத் தொடுத்தனர். அடோங் பின் குவாவ் வழக்கு என்று அது பெயர்பெற்றது. பரம்பரை நிலம், நடமாடும் உரிமை, காட்டின் விளைபொருள், தங்கள் எதிர்காலம், சந்ததியின் எதிர்காலம் என ஐந்து இழப்புகளை உயர்நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் வெள்ளி வழங்கவும் ஆணையிட்டது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்புக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பு. வெள்ளையர் வருமுன் அந்த மண் யாருக்கும் உரியதல்ல என்ற வாதத்தை அது தகர்த்தது. அந்நாட்டில் ஓவியமே சாட்சியானது. 1997இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவன ஓவியர்கள், சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் துணியில் தங்கள் நிலத்தையும் நீர்நிலைகளையும் தீட்டினர். அவரவர் பகுதிமேல் நின்று, 'இது எங்கள் இடம்' என்று தீர்ப்பாயத்தின் முன் எடுத்துரைத்தனர். நுரரா ஓவியம் எனப்படும் அது வரையப்பட்டுப் பத்தாண்டு கழித்து, 2007இல், உரிமை கிடைத்தது. ரோவர் தாமஸ் என்ற ஓவியரோ, பண்ணைக்காரர்கள் நடத்திய படுகொலைகளைத் தீட்டினார். முதியோர் நாவில் மட்டுமே வாழ்ந்த துயரம் அது.

மலேசியாவிலும் இக்குரல் எழுந்துள்ளது. சிலாங்கூரின் தெமுவான் இனத்தவரான ஷாக் கோயோக், தம் மக்களின் முகங்களைப் பின்னிய பாயிலேயே வரைகிறார். அந்தப் பாய் வெறும் துணி அல்ல; காடு தந்த பொருள், குடும்பத்துப் பெண்களின் கைவேலை. காடு அழிந்தால் முகத்தோடு பாயும் இல்லை என்பதை ஓவியம் விளக்கமின்றியே உணர்த்துகிறது.

தமிழருக்கு இது அந்நியச் செய்தியன்று. சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளரின் கதையும் நெடுங்காலம் முதியோர் நினைவில்தான் கிடந்தது. சொல்ல முதியோர் இருக்கும்போதே கேட்பதும், கேட்டதைத் தீட்டி வைப்பதும் இளந்தலைமுறையின் கடமை. நினைவு மறைந்தபின் எந்த நீதிமன்றமும் அதை மீட்டுத் தராது.