மூணு கட்டை வெளிச்சம்

டார்ச் லைட்டின் பலத்தைச் சொல்ல நம் ஊர்க் கடைகளில் ஒரு அளவை இருந்தது. வாட்ஸும் இல்லை, லூமனும் இல்லை. கட்டை. ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு, அஞ்சு கட்டை லைட்டு. கட்டை என்றால் உள்ளே போடும் பெரிய பேட்டரி. ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். ரெண்டு கட்டை இருந்தால் தெருவைக் கடக்கலாம், மூணு கட்டை இருந்தால் வயலுக்கோ அளத்துக்கோ போகலாம். அஞ்சு கட்டை வைத்திருப்பவர் ஊரில் ஒரு ஆள். வெளிச்சத்தின் அளவும் அந்தஸ்தின் அளவும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இந்தக் கோடையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நாலு டார்ச் வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. மரக்காணத்தில் மே மாதப் பகலில் வெளியே ஆட முடியாது. வெயில் பாதி, உப்புப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பாதி. அதனால் ஆட்டம் எல்லாம் ராத்திரிக்கு மாறிவிட்டது. கிளித்தட்டு, கண்ணாமூச்சி, அப்புறம் கடற்கரையில் நண்டு துரத்துவது. “சீக்கிரம் கெட்டுப் போகக் கூடாது, விலையும் ஜாஸ்தி ஆகக் கூடாது” என்று பெரியவர்கள் சொன்னார்கள். “பவரா இருக்கணும் மாமா” என்று பிள்ளைகள் சொன்னார்கள். இந்த மூன்று நிபந்தனைகளும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. அந்தச் சண்டைக்கு நூற்றி இருபது வருஷத்துக்கு மேல் வயதாகிறது.

டார்ச் பிறந்தபோது அது நிலைத்து எரியும் விளக்கே அல்ல. 1899 ஜனவரி 10ஆம் தேதி அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்குக் கையடக்க மின்விளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துத் தொழில் நடத்தியவர் கான்ராட் ஹ்யூபர்ட். ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து குடியேறிய யூதர். ஊரில் இருந்தபோது பெயர் அகிபா ஹோரோவிட்ஸ். காகிதக் குழாய், உள்ளே வரிசையாக உலர் பேட்டரி, முனையில் பல்பு, பின்னால் பித்தளைப் பிரதிபலிப்பான். பல்பின் கரி இழை மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்தது, பேட்டரியோ பலவீனம். ஒரு கணம் அழுத்தி வெளிச்சம் பார்த்துவிட்டுப் பேட்டரியை ஓய்வெடுக்க விட வேண்டும். மின்னி மறைவதால்தான் அமெரிக்கர்கள் அதற்கு ஃப்ளாஷ்லைட் என்று பெயர் வைத்தார்கள். டங்ஸ்டன் இழை வந்த பிறகே அது நிலைத்து எரிந்தது. ஆங்கிலேயர்கள் பந்தத்துக்கு வைத்திருந்த டார்ச் என்ற பெயரையே இதற்கும் கொடுத்தார்கள். நாம் அந்தப் பந்தத்தோடு ஒரு லைட்டையும் சேர்த்து டார்ச் லைட் ஆக்கிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில் மரக்காணத்து ராத்திரி எப்படி இருந்திருக்கும்? சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுத் துறைமுகம். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிந்தது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் வெட்டப்பட்ட துண்டுதான் அந்தப் பெயரை மொத்தக் கால்வாய்க்கும் வாங்கிக் கொடுத்தது. உப்பும் விறகும் படகில் பட்டணம் போயின. உப்பு அப்போது அரசாங்கத்தின் சொத்து. 1805இலேயே சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம் ஆகிவிட்டது. 1889இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. அளத்தில் ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் அது காவலின் வெளிச்சமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காவல் தேடுகிற வெளிச்சமாக இருக்க வேண்டும். 1931 காந்தி–இர்வின் உடன்பாட்டில்தான் கடலோரக் கிராமத்தார் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுக்க அனுமதி கிடைத்தது. உப்பு வரி ஒழிந்தது 1947இல்.

இருட்டில் லைட்டு பிடித்தவன் அதிகாரம் உள்ளவன் என்ற நினைப்பு இங்கே லேசில் போகவில்லை. லைட்டை முகத்துக்கு நேராக அடித்து “யாருடா அது?” என்று கேட்பவன் ஒரு பக்கம், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பதில் சொல்பவன் ஒரு பக்கம்.

இந்தியாவில் டார்ச்சின் கதை பெரும்பாலும் ஒரு கம்பெனியின் கதை. எவரெடி நிறுவனம் இங்கே 1934இல் பதிவானது. 1939இல் கல்கத்தாவில் பேட்டரித் தொழிற்சாலை, 1952இல் சென்னையில் இன்னொன்று, 1958இல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலை. அடுத்த வருஷம் கம்பெனியின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா என்று மாறியது. ஆம், அதே யூனியன் கார்பைடுதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் போபாலில் விஷவாயு கசிந்தபோது, அந்தக் கம்பெனியின் பேட்டரிதான் இந்தியக் கிராமங்களில் பெரும்பாலான டார்ச்சுகளுக்குள் இருந்தது. போபால் ஆலையில் செய்தது பூச்சிமருந்து, பேட்டரி அல்ல. ஆனாலும் ஒரே முதலாளி. பூனை ஒன்பது எண்ணுக்குள் தாவும் அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். 1990களின் நடுவில் பங்குகள் கைமாறி அது மறுபடி எவரெடி ஆனது.

அந்தக் காலத்து டார்ச் நீடித்து உழைத்தது உண்மை. பித்தளை உடம்பு, நிக்கல் முலாம், தள்ளும் சுவிட்ச். அடிமூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குள் மாற்றுப் பல்பு ஒன்று பத்திரமாக இருக்கும். சுவிட்ச் போனால் சைக்கிள் கடைக்காரரே சரி செய்துவிடுவார். முப்பது வருஷம் உழைத்த டார்ச்சுகள் உண்டு. ஆனால் மலிவா என்றால் இல்லை. டார்ச் வாங்குவது ஒரு முறைச் செலவு, கட்டை வாங்குவது மாசாமாசம். அதனால்தான் தீர்ந்த கட்டையை ஓட்டு மேல் வெயிலில் காய வைத்தோம். கொஞ்சம் உயிர் வரும், இரண்டு நாள் ஓடும். செத்தே போன கட்டையை உடைத்தால் நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் கறுப்பு மாவு. குச்சி கோடு போட, மாவு கரும்பலகைக்குப் பூச. எதையும் வீணாக்கவில்லை. அந்த மாவு மாங்கனீசு டை ஆக்சைடு. அதைக் கையால் குழைத்தோம் என்று இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு டார்ச். அது அப்பாவுடையது. அவர் தலைமாட்டில் இருக்கும். விளையாட எடுத்தால் உதை. என் ஆயா விடியக்காலம் மூணரை மணிக்கு அளத்துக்குக் கிளம்புவாள். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். வரப்பு மேலேயே நடை, காலில் செருப்பு கிடையாது. அவள் கையில் நான் ஒருநாளும் டார்ச் பார்த்ததில்லை. “உப்பே வெளிச்சந்தான்டா, அதைப் பாத்துக்கினே போயிடலாம்” என்பாள். நிலாக் காலத்தில் அது உண்மை. வெள்ளைக் குவியல்கள் தாமே எரிவது போல் இருக்கும். அமாவாசைக்கு அந்தப் பேச்சு செல்லாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்தார். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். டார்ச்சை விளையாட்டுச் சாமானாக மட்டும் நான் பார்க்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பிள்ளைகள் ஆடி முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வர வேண்டுமே.

விளையாட்டுக்கு அப்போது நிலாதான் விளக்கு. கிளித்தட்டு ஆட நிலா ஒரு மைதானம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் கொடுக்கும். கோடு போட்டு ஆடுகிற நிலாக்கால விளையாட்டுகளில் ஒன்றுக்குப் பேரே உப்புக்கோடு. பாத்தியும் வரப்புமாகக் கோடு கிழித்து, வரப்பில் நிற்பவன் கையில் படாமல் பாத்திக்குப் பாத்தி தாண்டுகிற ஆட்டம் உப்பளத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டியதே இல்லை. மாசத்தில் ஏழெட்டு நாள் ஆட்டம், மற்ற நாள் கதை.

டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதற்கு இப்போது ஒரு தரம் இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் வந்தது, எஃப்.எல்.1 என்று பெயர். அட்டைப் பெட்டியில் ‘100 மீட்டர்’ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்? நூறு மீட்டருக்கு அப்பால் அந்த வெளிச்சம் கால் லக்ஸாகக் குறைகிறது என்று அர்த்தம். ஏன் கால் லக்ஸ்? தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலா தரையில் கொடுக்கும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது உலகத்து டார்ச்சுகளை எல்லாம் நிலாவை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஆயா சொன்ன அளவுகோல்தான்.

இந்தத் தரத்துக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலு மடங்கு வேண்டும். 30 மீட்டருக்கு 225 கேண்டலா போதும். 100 மீட்டருக்கு 2,500. பெட்டியில் ‘500 மீட்டர்’ என்று போட்டிருக்கும் லைட்டுக்கு 62,500 வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவுச் சாமானில் இது நடக்கிற காரியமா என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகள் ஆடும் மைதானம் 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வாங்குகிற ‘பவர்’ எல்லாம் இன்னொருத்தன் கண்ணில் அடிக்கத்தான் உதவும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகிறது. ஒரு அடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கண்ணாமூச்சி அங்கேயே முடிந்தது.

உழைப்புக்கு வருவோம். மரக்காணத்தில் டார்ச்சின் எதிரி உப்பு. கறி உப்புக்கு ஒரு குணம்: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலோர ராத்திரியில் அந்த அளவு சாதாரணம். டார்ச்சின் மேல் படிந்த உப்புத் தூசி ராத்திரியில் உப்புத் தண்ணீர் ஆகிறது. பித்தளையும் இரும்பு ஸ்பிரிங்கும் தொடும் இடத்தில் அந்தத் தண்ணீர் நின்றால் அதுவே ஒரு பேட்டரி. டார்ச் தன்னைத் தானே தின்கிறது. உள்ளே இருக்கும் கட்டைக்கும் அதே கதைதான். பழைய கட்டையின் உள்ளே இருப்பது நவச்சாரம், அதுவும் ஒரு உப்பு. கட்டையின் துத்தநாகக் கூடே எரிபொருள். தீரத் தீரக் கூடு மெலிந்து ஓட்டையாகி ஒழுகும். ‘கட்டை ஊத்திடுச்சு’ என்போமே, அதுதான். உலோகங்களை உப்புப் பனியில் வைத்துச் சோதிக்கும் உலகத் தரம் ஒன்று உண்டு. ஐந்து சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி வெப்பம். அது முதலில் வெளியானதும் கல்கத்தாவில் கட்டை செய்யத் தொடங்கிய அதே 1939இல்தான். அந்தச் சோதனைக் கூடம் எங்கள் ஊர் மாதிரியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1993இல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளை வெளிச்சம் வந்தது. 2014இல் அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் நோபல் பரிசு. பல்பு ஃப்யூஸ் ஆகும் கதை அத்தோடு முடிந்தது. ஒரு கட்டை வெளிச்சத்தைப் பல மடங்கு நேரம் ஓட்டலாம். ஆயா மாதிரிப் பெண்கள் கைக்கு டார்ச் வந்தது இதனால்தான். ஆனால் விலை இறங்கியபோது ஆயுளும் இறங்கியது. சுவரில் நேராகச் சொருகும் மலிவு சார்ஜ் லைட்டுகள் பலவற்றின் உள்ளே சின்ன ஈய அமில பேட்டரி இருக்கும். தீர்ந்தபடியே ஒரு மாசம் கிடந்தால் செத்துவிடும். உடம்பை ஒட்டியே மூடியிருப்பார்கள், திறக்க முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறி, சுற்று வட்டாரமே நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, சார்ஜ் லைட்டுகள் இரண்டாம் நாளே அணைந்தன. கட்டை போட்ட பழைய டார்ச் வைத்திருந்தவர் வீட்டு வாசலில்தான் கூட்டம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து நான் வாங்கியது இது: பிளாஸ்டிக் உடம்பு, ஏனென்றால் பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது. சின்னக் கட்டை இரண்டு போடுவது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தேன். ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். பாத்தியில் விழுந்தாலும் பயமில்லை. வெளிச்சம் 50 லூமன் அளவு. மணிக்கட்டில் மாட்டக் கயிறு. சிமிட்டுவது, எஸ்.ஓ.எஸ். அடிப்பது எதுவும் வேண்டாம். ஒரே ஒரு சுவிட்ச், உள்ளே திறந்து துடைக்கும்படி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வளையத்தில் துளி சிலிக்கோன் கிரீஸ். ஆட்டம் இல்லாத மாசங்களில் கட்டையைக் கழற்றி வைக்க வேண்டும்.

நண்டு துரத்தப் போகும் லைட்டுக்கு மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். வெள்ளை லைட்டைக் கண்டால் கரைப்பக்கம் திரும்பிவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வெள்ளை வெளிச்சத்தைத் தவிர்ப்பது அந்த நடையின் பாலபாடம். சிவப்பில் நண்டு தெரியுமா என்று பிள்ளைகள் சந்தேகப்பட்டார்கள். தெரிகிறது. துரத்துவதுதான் கஷ்டம், அதனால் ஆட்டம் கூடுதல் ருசி.

கிளித்தட்டுக்கு ஒரு டார்ச்சைக் கழியில் கட்டி, அதன் முகத்தில் தண்ணீர் நிரப்பிய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தோம். குத்துகிற வெளிச்சம் பரவுகிற வெளிச்சம் ஆனது. “பத்தல மாமா” என்றான் ஒருவன். “பத்து நிமிஷம் பொறுத்துப் பாருடா” என்றேன். நாலு டார்ச்சில் ஒன்றைப் பெண்பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுத்தோம். வீட்டுக்குப் போக வேறொருவர் டார்ச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆட்டம் முடியும்வரை ஆடலாம்.