புதுவயலும் ஐராவதியின் புதிய வயல்களும்

புதுவயல் என்றதும் காரைக்குடியை அடுத்துள்ள அரிசி ஆலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த நிலம் பேராறு பாயாத வானம் பார்த்த பூமி. சரிவு கண்ட இடங்களில் கரையெழுப்பி, கண்மாய்களில் மழைநீரைத் தேக்கியே முன்னோர் நெல் விளைவித்தனர். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினியார் சிவகங்கைச் சீமையை ஜமீனாக்கினர். கிஸ்தி நிலையானது, விளைச்சலோ மழையின் தயவில் நின்றது. நகரத்தாரின் பணம் கடல் கடந்ததற்கு இம்மண்ணின் வறட்சியும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அப்பணம் சென்று சேர்ந்த இடங்களுள் தலையாயது பர்மாவின் ஐராவதிக் கழிமுகம். நம் சீமையில் நீர் பற்றாக்குறை. அங்கோ நீரின் மிகுதியே இடர். 1852இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது கழிமுகத்தின் பெரும்பகுதி சதுப்புக் காடாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. மேல் பர்மாவிலிருந்து இறங்கிவந்த குடியானவர்கள் காடழித்தனர். வெள்ளத்தைத் தடுக்க அணைகரைகள் எழுந்தன. 1850களில் 10 இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல்வயல் 1930களில் 80 இலட்சத்தைக் கடந்தது.

இங்கே மண்ணைவிடச் சட்டமே வலிமையாகச் செயற்பட்டது. தொடர்ந்து 12 ஆண்டுகள் உழுது வரி செலுத்தியவருக்கு நிலவுரிமை என்றது 1876ஆம் ஆண்டுச் சட்டம். உரிமை கிடைத்த மறுகணமே நிலம் அடகுப் பொருளாயிற்று. மாடு, விதை, அறுவடைக் கூலி அனைத்துக்கும் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அவர்கள் நிலத்தை நாடிச் சென்றவர்கள் அல்லர். வட்டியும் முதலும் ரொக்கமாகத் திரும்புவதையே விரும்பினர். 1930இல் நெல்விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்களது நிலவுடைமை 1937இல் 25 பங்காயிற்று. காடழித்தவன் தன் வயலிலேயே குத்தகையாளனானான்.

1938 ஜூலைக் கலவரத்தை நாம் இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். இஸ்லாமியர் ஒருவர் எழுதிய நூலின் மறுபதிப்பே அதற்கு உடனடிக் காரணம். தாக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரங்கூனில் கடைவைத்திருந்த நம் சூலியா வணிகர்களுக்கும் கழிமுக வயல்களின் அடமானப் பத்திரங்களுக்கும் என்ன தொடர்பு? கலவரத்தை விசாரித்த குழுவே நிலம் பறிபோன மனக்குறையையும் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. மதத்தின் பெயரால் மூண்ட தீ எனக் கூறி அதனை முடித்துவிடுவோர் இவ்விசாரணையைப் படிப்பதில்லை.

1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவே வெளியேறினர். வட்டிக்கடைக்காரரும் மூட்டை சுமந்தவரும் ஒரே மலைப்பாதையில் நடந்தனர். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியது. அதே ஆண்டில் சென்னை மாகாணமும் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. சிவகங்கை ஜமீனும் அவ்வாறே முடிவுற்றது.