டைம் டேபிள் போட்டு தமிழ் படிச்ச பாதிரியார்

திருவண்ணாமலையில பொறந்து வளர்ந்தவனுக்கு வெள்ளைக்காரங்க ஒரு அதிசயமே கிடையாது. செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் பக்கம் போனா டீக்கடை பெஞ்சுல பாதி அவங்கதான். காவி வேட்டி, வெறுங்கால், கையில தூக்குவாளின்னு கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் நம்மள விட வேகமா நடந்துட்டுப் போவாங்க. நாங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

ஆனா சில வருஷம் முன்னாடி ஆன்சைட்டுக்குன்னு டல்லாஸ் பக்கம் ஆறு மாசம் ஆணி புடுங்கப் போயிருந்தப்ப, ஒரு சனிக்கிழமை காலையில கதவைத் தட்டின ரெண்டு வெள்ளைக்காரப் பசங்களைப் பார்த்து நிஜமாவே முழிச்சேன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ். பேட்ஜுல பேருக்கு முன்னாடி 'எல்டர்'னு போட்டிருந்தது. எல்டருக்கு வயசு இருபது, மீசைகூட சரியா முளைக்கலை :-) மார்மன் சபை மிஷனரிங்க. ஞானஸ்நானம் எடுக்குற ஐடியா எனக்கு இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன். அப்புறமும் உக்காந்து தண்ணி குடிச்சுட்டு (காபி, டீ அவங்களுக்கு ஆகாது) அரைமணி நேரம் பேசிட்டுப் போனாங்க.

மதத்தை விட எனக்கு சுவாரசியமா இருந்தது அவங்க டைம் டேபிள். காலையில ஆறரைக்கு எழுந்திரிக்கணும், உடற்பயிற்சி, படிப்பு, அப்புறம் பகல் முழுக்க வீடு வீடா ஏறி இறங்கணும். ராத்திரி பத்தரைக்கு விளக்கணைக்கணும். ஆம்பளைப் பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம். எங்கே போறதுன்னு சபைதான் முடிவு பண்ணும். சம்பளம் கிடையாது, கைக்காசு போட்டுத்தான் போகணும். கூட வர்ற 'கம்பானியனை' விட்டுத் தனியா எங்கேயும் போகக்கூடாது. 2019 பிப்ரவரிக்கு முன்னாடி வீட்டுக்கு போன் பண்ண வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் அனுமதி, அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும். மத்தபடி வாரம் ஒரு கடிதம். அதுக்கப்புறம்தான் வாராவாரம் பேசலாம்னு தளர்த்தினாங்க.

"உங்க ஊருக்கும் எங்களை மாதிரி யாராவது வந்திருக்காங்களா சார்?"னு ஒருத்தன் கேட்டான். எங்க ஊருக்கு வர்றவங்க வாங்கிட்டுப் போகத்தான் வருவாங்க, குடுக்க இல்லைன்னு பெருமையா சொல்லிட்டேன். அவங்க போன அப்புறம்தான் உறைச்சது. நான் சொன்னது தப்பு. எங்க ஊர்லயே டேனிஷ் மிஷன் ஸ்கூல் இருக்கே! சின்ன வயசுல டேனிஷ்னா யாரோ ஒரு ஆள் பேருன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். டென்மார்க்குக்கும் ஆற்காட்டுச் சீமைக்கும் என்ன சம்பந்தம்னு அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது, தரங்கம்பாடியில கொண்டுபோய் விட்டுது.

(மார்மன்களும் தமிழ்நாட்டுக்கு வந்திருக்காங்க. 1853ல ரிச்சர்ட் பாலன்டைன்ங்கறவர் ரெண்டு பேரோட மெட்ராஸ்ல வந்து இறங்கினார். பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுறவங்ககிட்டேயே பிரசங்கம் பண்ணி, ஒரு பத்திரிகையும் நடத்திப் பார்த்து, கைவிட்டு எண்ணக்கூடிய ஆளுங்களைச் சேர்த்துட்டு அடுத்த வருஷமே கிளம்பிட்டார். அந்தக் கதை அவ்வளவுதான்.)

எங்க ஊருக்கு வந்தது டென்மார்க்குல 1821ல ஆரம்பிச்ச டேனிஷ் மிஷனரி சங்கம். அதுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடி, டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக் தன்னோட தரங்கம்பாடி காலனிக்கு அனுப்பின ரெண்டு பேர் வேற. ரெண்டு பேருமே ஜெர்மன்காரங்க. சீகன்பால்கு, புளூட்சோ. அந்தக் காலத்து எல்டரும் கம்பானியனும்னு வச்சுக்குங்களேன்.

சீகன்பால்கு 1682ல சாக்சனியில புல்ஸ்னிட்ஸ்ங்கற சின்ன ஊர்ல பொறந்தவர். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ட்டாங்க. உடம்பும் நோஞ்சான். ஹாலே பல்கலைக்கழகத்துல பிராங்கேகிட்ட படிக்கப் போய், உடம்பு சரியில்லாம அதையும் முடிக்கலை. இப்படி ஒரு ஆளை 'சோபியா ஹெட்விக்'ங்கற கப்பல்ல 1705 நவம்பர்ல ஏத்தி விட்டாங்க. வந்து சேர்ந்தது 1706 ஜூலை 9. ஏழு மாசத்துக்கு மேல கடல்ல. இறங்கும்போது வயசு கிட்டத்தட்ட 24.

வரவேற்பு ரொம்பப் பிரமாதம். கவர்னர் ஹாசியஸுக்கு இவங்க வர்றதே பிடிக்கலை. வியாபாரம் பண்ண வந்த கம்பெனிக்கு பாதிரியார் வந்தா தலைவலிதானே. ராஜா கையெழுத்துப் போட்ட காகிதத்தோட வந்தவங்களை கடைத்தெருவுல அப்படியே நிக்க விட்டுட்டுப் போய்ட்டாங்க. தங்க இடம் கிடையாது, பாஷை தெரியாது, திரும்பிப் போக கப்பலும் கிடையாது. நான் டல்லாஸ் ஏர்போர்ட்ல கேப் வரலைன்னு அரைமணி நேரம் புலம்பினது ஞாபகம் வந்து கொஞ்சம் கூச்சமா இருந்தது.

அப்புறம் அவர் செஞ்ச காரியம்தான் விஷயமே. எழுபது வயசு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரைப் பிடிச்சு, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைச்சுக்கிட்டார். சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதினார். போர்த்துகீசும் டேனிஷும் தெரிஞ்ச அழகப்பன்ங்கற துபாஷியை வேலைக்கு வச்சுக்கிட்டார். எட்டு மாசத்துல தமிழ் பேச ஆரம்பிச்சுட்டார்.

அவரோட தினசரி டைம் டேபிள் அவரே எழுதின கடிதத்துல இருக்கு. காலை ஆறிலிருந்து ஏழு, லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழ்ல விளக்கிச் சொல்றது. ஏழிலிருந்து எட்டு, ஏற்கெனவே படிச்ச சொற்களைத் திரும்பப் பார்க்கிறது. எட்டிலிருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்ப் புத்தகம் மட்டும். அதுவும் புதுசு. பக்கத்துல ஒரு வாத்தியார் பொருள் சொல்லணும், இன்னொரு ஆள் இதுவரைக்கும் வராத ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கிட்டே வரணும். பன்னெண்டுக்கு சாப்பாடு, சாப்பிடும்போதும் யாராவது வாசிச்சுக் காட்டணும். ஒண்ணுலேர்ந்து ரெண்டு வெயில் தாங்காம ஓய்வு. ரெண்டு மணிக்கு வீட்டுலயே வேதபாடம். மூணுலேர்ந்து அஞ்சு மறுபடி தமிழ்ப் புத்தகம். அப்புறம் ஜெபம், அன்னிக்கு நடந்ததைப் பத்தி சக ஊழியர்களோட பேச்சு. ஏழு மணிக்கு மேல விளக்கு வெளிச்சத்துல படிச்சா கண்ணு போயிடும்னு, எழுத்தர் ஒருத்தரை வச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எட்டு மணிக்கு சாப்பாடு, அப்பவும் வாசிப்பு. கடைசியா பள்ளிப் பிள்ளைங்களோட பேச்சு.

கூட்டிப் பாருங்க. தினம் ஆறேழு மணி நேரம் தமிழ் மட்டும். நான் பெங்களூருக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகுது. 'கன்னட கொத்தில்லா'ங்கறதை மட்டும் சுத்தமான உச்சரிப்புல சொல்லுவேன்.

படிச்சதோட நிக்கலை. ஓலைச்சுவடிகளை வீடு வீடா ஆள் விட்டு விலைக்கு வாங்கினார், கிடைக்காததைப் பிரதி எடுக்க வச்சார். 1708லயே தன்கிட்ட இருக்குற புத்தகங்களுக்கு விளக்கத்தோட ஒரு பட்டியல் போட்டுட்டார். நூத்துக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள். திருக்குறள் அதுல இருக்கு. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூணையும் அதே வருஷம் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். வர்றதுக்கு முன்னாடி இங்க இருக்கறவங்களை நாகரிகமில்லாத ஜனங்கன்னு நினைச்சிருந்ததா ஒத்துக்கிட்டு, இவங்க புத்தகங்களைப் படிச்ச பிறகு எண்ணம் மாறிடுச்சுன்னு எழுதினதும் அதே சமயத்துலதான்.

அந்த 1708 நவம்பர்லதான் ஹாசியஸ் அவரைப் பிடிச்சு டான்ஸ்போர்க் கோட்டையில அடைச்சார். ஒரு விதவையோட கடன் தகராறுல பரிஞ்சு பேசினது சாக்கு. நாலு மாசம் உள்ளே. மத்த நாட்கள்ல ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காத மனுஷன் அந்த நாலு மாசத்தை எப்படிக் கழிச்சிருப்பார்னு நினைச்சாத்தான் எனக்கு அந்த டைம் டேபிளோட கனமே புரியுது.

அவர் மதம் மாத்தத்தான் வந்தார், அதுல சந்தேகமே வேணாம். நம்ம சாமிகளைப் பத்தி அவர் எழுதினதுல கசப்பான பகுதிகள் நிறைய உண்டு. ஆனா அதை எழுதறதுக்கு முன்னாடி நம்மாளுங்ககிட்டயே கேள்வி அனுப்பி பதில் வாங்கினார். அப்படி வந்த தமிழ்க் கடிதங்கள் ஜெர்மன்ல அச்சாகி ஐரோப்பாவுல வாசிக்கப்பட்டிருக்கு. 1713ல தென்னிந்தியக் கடவுள்களைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்க பிராங்கே அதை அச்சுப் போடலை. அனுப்பினது அங்க இருக்குறதை ஒழிக்க, இங்க கொண்டுவந்து பரப்ப இல்லைங்கறது அவங்க நிலைப்பாடு. கையெழுத்துப் பிரதி அலமாரியில தூங்கி, 1867ல நம்ம மெட்ராஸ்லதான் அச்சாச்சு. 154 வருஷம்! நம்ம கோடை ரிவ்யூவுல ரெண்டு வாரம் போட்டு வச்சாலே குதிக்கிறோம்.

அச்சு இயந்திரம் லண்டன்லேர்ந்து, தமிழ் எழுத்துகள் ஹாலேலேர்ந்து. 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல முழுசா அச்சாகி வெளியே வந்தது. ஹாலே எழுத்து பெருசா இருந்து காகிதத்தைத் தின்னதால, சீஸ் டப்பாவோட ஈயத்தை உருக்கி சின்ன எழுத்து வார்த்தாங்களாம். பக்கத்துல பொறையாறுல காகிதப் பட்டறையும் போட்டாங்க. 1716ல ஹாலேயில அவரோட தமிழ் இலக்கண நூல் லத்தீன்ல வந்தது. அந்தப் பயணத்துலதான் கல்யாணமும் முடிச்சு, மனைவியோட திரும்பி வந்தார். கம்பானியன் புளூட்சோ 1711லயே ஊருக்குப் போய்ட்டார்.

கடைசியில வில்லன் கவர்னர் இல்லை, ஹெட் ஆபீஸ். கோபன்ஹேகன்ல மிஷன் செயலரா இருந்த வெண்ட், பள்ளிக்கூடம் எதுக்கு, கட்டடம் எதுக்கு, அப்போஸ்தலர்கள் மாதிரி கையை வீசிட்டுப் போய்ப் பிரசங்கம் பண்ண வேண்டியதுதானேன்னு கண்டிச்சுக் கடிதம் எழுதினார். தரங்கம்பாடி வெயிலை ஒரு நாள்கூட பார்க்காதவர்! ஏற்கெனவே வயிறு கெட்டுக் கிடந்த மனுஷன் 1719 பிப்ரவரி 23ல இறந்துட்டார்.

எங்க ஊர்ல இந்தக் கதை தலைகீழா நடந்ததும் உண்டு. 1948ல பிரான்ஸ்லேர்ந்து வந்த ஹென்றி லெ சோங்கற கத்தோலிக்கத் துறவி, அடுத்த வருஷம் ரமணரைப் பார்த்தார். 1952லேர்ந்து அடிக்கடி வந்து மலைக் குகையில தங்க ஆரம்பிச்சு, அபிஷிக்தானந்தாவாவே மாறிட்டார். அவரைப் பத்தித் தனியா எழுதணும்.

போன பொங்கல் லீவுல தரங்கம்பாடி போனேன். விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழின்னு நாலு பஸ் மாறி. 1718ல சீகன்பால்கு கட்டின புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில இருக்கு. உள்ளதான் அவர் கல்லறை. இறக்கும்போது வயசு 36. எனக்கு இப்ப 28. கொஞ்ச நேரம் நின்னுட்டு, வெளியே வந்து கோட்டை பக்கம் கடலைப் பார்த்து உக்காந்தேன். ஆயா போன் பண்ணுச்சு.

"எங்கடா கீற?"

"தரங்கம்பாடி ஆயா."

"அம்மாந்தூரத்துல இன்னாடா கீது?"

"கடல் கீது ஆயா"ன்னேன்.